நீலம் ஜாஸ்தி

கடலூர் முதுநகரில் லூர்து பிரகாஷைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவனுடைய புரொஜெக்டரில் தன் முகத்தை எட்டடி உயரத்துக்குப் பார்க்காதவர்கள் குறைவு. கல்யாணம், காதுகுத்து, பங்குக் கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று எங்கே கூட்டம் கூடினாலும் பழைய ஆம்னி வண்டியில் கறுப்புப் பெட்டியோடு வந்து இறங்கிவிடுவான். கூடவே அவன் மனைவி ஜூலியும் இறங்குவாள்.

ஜூலி எதற்கு வருகிறாள் என்பதுதான் ஊருக்குப் புரியாத சங்கதி. அவள் பெட்டியைத் தூக்க மாட்டாள், ஒயரைத் தொட மாட்டாள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் போய் உட்காருவாள். பந்தி போட்டால் எழுந்து சாப்பிடப் போவாள். "ஜூலியக்கா பந்திக்குன்னே வருது" என்று மைக்செட்காரர்கள் சிரிப்பது அவள் காதிலும் பலமுறை விழுந்திருக்கிறது. ஒரு நாளும் அவள் பதில் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் குடும்பத்தின் பிழைப்பே கெட்டுவிடும்.

விஷயம் இதுதான். லூர்து பிரகாஷுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் அவனுக்கு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கல்யாணமான வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு ஜூலி பச்சைச் சேலை கேட்டாள் என்று ஆசையாகப் போய் நல்ல சிவப்பில் எடுத்து வந்தான். அதோடு விடாமல் அது பச்சைதான் என்று சத்தியமும் செய்தான். கேலி பண்ணுகிறான் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தவள், அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கூடையிலிருந்து பழுத்த தக்காளியாகப் பார்த்து எடுக்கச் சொன்னாள். அவன் எடுத்ததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்ல வேண்டாம், நான் இருக்கிறேன் என்று அன்றைக்கு அவள் சொன்னதுதான் இன்றுவரை அந்த வீட்டின் சட்டம்.

கண்ணில் இப்படியொரு குறையை வைத்துக்கொண்டு ஒருத்தன் படம் காட்டும் தொழிலுக்கு ஏன் வந்தான் என்று கேட்டால் அதற்கு நியாயமான பதில் கிடையாது. பிடித்தது, வந்தான். மற்றபடி வேலையில் அவனை அசைக்க முடியாது. சாய்ந்து விழும் படத்தைக் கீஸ்டோனில் நிமிர்த்துவது, உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கும் மெஷினில் படத்தை நேராகத் திருப்புவது, பல்பு சீக்கிரம் போகாமல் வெளிச்சத்தைத் தணித்து ஈகோ மோடில் ஓட்டுவது எல்லாம் விரல் நுனியில். ஒருமுறை எந்தப் புண்ணியவானோ மெனுவைச் சீன மொழிக்கு மாற்றி வைத்துவிட்டான். பிரகாஷ் எத்தனையாவது வரியில் எது இருக்கும் என்ற ஞாபகத்திலேயே அந்த விழாவை முடித்துக் கொடுத்தான். கலர் என்ற பக்கம் வந்தால் மட்டும் கை நின்றுவிடும். கண் தானாக மூன்றாவது வரிசைக்குப் போகும்.

ஜூலி அங்கே ஒன்றும் அறியாதவள் போல உட்கார்ந்திருப்பாள். சிவப்பு தூக்கலாக இருந்தால் காதில் இருக்கும் சிவப்புக்கல் கம்மலைத் திருகுவாள். பச்சை அடித்தால் கண்ணாடி வளையலைத் தள்ளிவிடுவாள். மஞ்சள் பூத்திருந்தால் கழுத்துச் செயினைப் பிடிப்பாள், அவன் நீலத்தை ஏற்றுவான். எல்லாம் சரியாக வந்ததும் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான், பிரகாஷ் மெனுவை மூடிவிடுவான். "பிரகாஷ் போட்டா கலரு தனியா தெரியும்பா" என்று சிதம்பரம் வரைக்கும் ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் யாருடையது என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் போன வருஷம் ஒரு சின்ன இடறல். பங்குக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வரிகளைத் திரையில் போட்டிருந்தான். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. அவன் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது. ஜூலி செயினைப் பிடித்தாள். நீலத்தை ஏற்றினான். மறுபடியும் பிடித்தாள், மறுபடியும் ஏற்றினான். கடைசியில் அவள் முந்தானையை இழுத்துவிட்டபோது திரை அவனுக்குச் சொட்டு நீலம் கரைத்த வாளித் தண்ணீர் மாதிரி தெரிந்தது. சரி, நமக்கு அப்படித் தெரிகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டான். நிறம் விஷயத்தில் தன் கண்ணின் பேச்சைக் கேட்பதை அவன் நிறுத்தி எத்தனையோ காலமாகிறது.

சட்டைகளும் அப்படித்தான். கோயிலுக்கும் விசேஷத்துக்கும் வெள்ளைச் சட்டைதான் போடுவான். வெள்ளையில் ஏமாற ஒன்றுமில்லை என்பதால் கடையில் தனியாகப் போய் அவன் வாங்கக்கூடிய ஒரே சட்டை அது. அவையெல்லாம் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி ஆகாசத்தின் சாயலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தான். துவைத்து, நீலம் போட்டு, மடித்துக் கையில் கொடுத்த ஜூலி, பால் மாதிரி வெள்ளை என்றாள். அவனும் போட்டுக்கொண்டான்.

அண்ணாமலை நகரில் ஒரு விடுதி விழாவில்தான் முதல் புகார் வந்தது. ஒரு மாணவன் வந்து, அண்ணே, படம் நீலமாக அடிக்கிறது, கேபிளைப் பாருங்கள் என்றான். பிரகாஷ் கேபிளை மாற்றினான். லேப்டாப்பை மாற்றினான். அப்படியும் போகவில்லை. நீலம் அவனுக்கும் தெரிந்தது. மறுநாளே மெஷினைப் பாண்டிச்சேரிக்கு எடுத்துப்போய் ரிப்பேர் கடையில் கொடுத்தான். கடைக்காரர் திறந்து பார்த்து, துடைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, மெஷினில் ஒன்றுமில்லை, யாரோ நீலத்தை மட்டும் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்திருக்கிறார்கள், ரீசெட் அடித்துவிட்டேன் என்று திருப்பிக் கொடுத்தார்.

யாரோ என்பது யார் என்று பிரகாஷுக்குத் தெரியாதா? ஆள் அப்படியொன்றும் மண்டு இல்லை. ஆனால் சில யோசனைகளை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்திவிடுகிறோம் இல்லையா, அப்படிச் சாத்திவிட்டான். ஜூலியின் கண் தப்பென்றால் அப்புறம் அவனுக்கு என்ன மிச்சம்? வீட்டுக்கு வந்து, கேபிள் கோளாறுதான், சரியாகிவிட்டது என்றான். அவளும் நம்பினாள்.

சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருக்கும் இளவரசுவின் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலையில். இந்தக் காலத்துக் கல்யாணத்தில் மேடையைப் போட்டோக்காரர்களின் முதுகு மறைத்துக்கொள்கிறது. ஆகவே பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க வேண்டுமானால் திரையைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் திரைக்குப் பிரகாஷ்தான் வேண்டுமென்று இளவரசு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டு, பூ. கொடுத்த மல்லிகைச் சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டே ஜூலி முணுமுணுத்தாள். "இவ்ளோ பெரிய கல்யாணம், பூவ மட்டும் பழசா வாங்கி வெச்சிருக்காங்க பாருங்க. மஞ்சளா பழுத்துக் கெடக்குது." பிரகாஷ் பார்த்தான். அவனுக்கு அது வெள்ளையாகத் தெரிந்தது. வழக்கம்போல ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஒயர் இழுக்கப் போனான்.

மெஷினை மேஜையில் வைத்து, படத்தை நிமிர்த்தி, சுத்த வெள்ளையை ஓடவிட்டான். ரீசெட் அடித்த மெஷின், அவன் கண்ணுக்குப் பிசிறில்லாமல் இருந்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்தான். ஜூலியின் கை செயினில் இருந்தது. ஏற்றினான். கை இறங்கவில்லை. இன்னும் ஏற்றினான். பாண்டிச்சேரிக் கடைக்காரர் எந்த இடத்தைக் காட்டினாரோ அதே இடத்துக்கு அளவு போய் நின்ற பிறகுதான் அவள் முந்தானையை இழுத்துப் போட்டாள். பிரகாஷ் மெனுவை மூடினான்.

பெண் மேடைக்கு வந்தாள். கேமராக்காரர் அவள் முகத்தைக் கிட்டத்தில் பிடித்தார். நாதஸ்வரம் ஒரு கீர்த்தனையை முடித்துவிட்டு அடுத்ததற்கு மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில்தானா பெண்ணின் அத்தை சௌந்தரம் வாயைத் திறக்க வேண்டும்?

"என்னாடா இது, ஐஸ் பொட்டில வெச்ச கணக்கா காட்டறான் பொண்ண?"

கல்யாண வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? முன்வரிசை முழுக்கத் திரும்பித் திரையைப் பார்த்தது. பெண்ணின் அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டாரில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நாதஸ்வரக்காரர் புண்ணியவான், சட்டென்று அடுத்ததை ஆரம்பித்துவிட்டார்.

இளவரசு மேடையிலிருந்து இறங்கி வந்தார். கத்துகிற மனிதர் இல்லை. மேஜையருகே குனிந்து மெதுவாகத்தான் கேட்டார். "பிரகாஷு, நீ போட்டுருக்குற சட்ட மாதிரியே எம்பொண்ணு மூஞ்சியும் நீலமா இருக்குதே. மெஷின்ல எதனா கோளாறா?"

"இது வெள்ளச் சட்டைங்க" என்றான் பிரகாஷ்.

இளவரசு அந்த நெருக்கடியிலும் சிரித்துவிட்டார். "இதுவா? சொட்டு நீலத்துல முக்கி எடுத்தாப்ல இருக்குது. நல்லா பாருய்யா."

பிரகாஷ் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். இரண்டும் ஒரே நீலம். மாதக்கணக்காக அவன் கண் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சிவப்பிலும் பச்சையிலும் பொய் சொன்ன கண் நீலத்தில் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. கண்ணே இல்லாதவன் போல வாழ்ந்தவனுக்கு உன் கண்ணில் பாதி நல்ல கண்தான் என்று ஒருத்தர் சொன்னால் துள்ளிக் குதிக்க வேண்டாமா? பிரகாஷ் துள்ளவில்லை. தன் கண் சரியென்றால் ஜூலியின் கண் என்ன ஆயிற்று? சாத்தி வைத்த கதவு திறந்துகொண்டது. மஞ்சள் திரை, மஞ்சள் பூ, வருஷக்கணக்காக அவளுக்கு இருக்கும் சுகர், எல்லாம் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தன.

ஆனாலும் மேடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பிரகாஷ் ரிமோட்டை எடுத்தான். மூன்றாவது வரிசையைப் பார்க்காமல், தன் கண்ணை மட்டும் நம்பி, நீலத்தை ஒவ்வொரு படியாக இறக்கினான். பெண்ணின் நெற்றியில் மஞ்சள் பூச்சு திரும்பி வந்தது. தோளில் கிடந்த மாலையின் வெள்ளைப் பூ வெள்ளையாயிற்று. அங்கே நிறுத்தினான். "ஹாங், இப்பதான் கல்யாணப் பொண்ணா இருக்கா" என்றாள் சௌந்தரம், ஒன்றுமே நடக்காதது போல. இளவரசு அவன் தோளைத் தட்டிவிட்டு மேடைக்குப் போனார்.

அதன் பிறகுதான் திரும்பினான். ஜூலி செயினைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்துப் பிடித்து இழுத்தாள். அவன் பார்த்தும் கையை அசைக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் கை மெதுவாக இறங்கி மடியில் கிடந்தது. தாலி கட்டி முடியும்வரை அவள் திரையைப் பார்க்கவே இல்லை. அன்றைக்குப் பந்திக்கும் எழுந்து போகவில்லை.

வண்டி சிதம்பரத்தைத் தாண்டியது. பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "யாரக் கேட்டு நீலத்த எறக்குனீங்க?"

இளவரசு சொன்னார் என்றான். அவர் சொன்னால் ஆயிற்றா, திரை முழுக்க மஞ்சள் பூத்துக் கிடந்ததே, இத்தனை வருஷம் நான் சொன்னதைத்தானே செய்தீர்கள் என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டினான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மெஷின் கோளாறு என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், அவளும் நம்புவாள். நம்பிவிட்டு நாளைக்குச் சாலையைக் கடப்பாள், அடுப்பு பற்றவைப்பாள், சுகர் மாத்திரையைப் பிரித்து எடுப்பாள். டீக்கடைக்கார அம்மா கண்ணாடித் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். பிரகாஷ் ஜூலியின் தலையைக் காட்டி, "ஏம்மா, இந்தப் பூ பழசாட்டம் இருக்குதா?" என்று கேட்டான்.

"பழசா? இப்பதான் கட்டுனாப்ல வெள்ளவெளேர்னு இருக்குது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

ஒரு மனைவியிடம் நேராகச் சொல்ல வேண்டியதைச் சாலையோரத்து அந்நியரின் வாயால் சொல்ல வைத்தது கோழைத்தனம்தான். பிரகாஷுக்கே அது உறைத்தது. ஜூலி தலையிலிருந்து சரத்தை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெயிலில் நீட்டிப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து அதன் மேல் பூவை வைத்தாள்.

"இந்தச் சட்ட?" என்று கேட்டாள்.

"நீலமா இருக்குது, ஜூலி" என்றான். "பூவு வெள்ள. மஞ்சளு பூவுலயும் இல்ல, தெரையிலயும் இல்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ராத்திரியில் எதிர்வரும் வண்டி விளக்கெல்லாம் சிதறித் தெரிவதையும், ஊசியில் நூல் கோக்க ஞானமேரியைக் கூப்பிடுவதையும் அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஞானமேரி பக்கத்து வீடு. தெரிந்தால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்றாள். பிறகு கண் நிறைந்துகொண்டு வந்தது.

"அப்ப உங்களுக்கு யாருங்க கலரு சொல்றது?"

தன் கண் போய்விடுமோ என்று அவள் முதலில் கேட்கவில்லை. இந்த மனுஷியைப் பந்திக்கு வருகிறாள் என்று ஊர் சிரித்தபோதெல்லாம் குனிந்து ஒயரை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நீலத்த நான் பாத்துக்கறேன்" என்றான். "செவப்பும் பச்சையும் உம்பொறுப்பு. மொதல்ல நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பாண்டிச்சேரியில் கண் மருத்துவர் பார்த்துவிட்டு, சுகர் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் முந்தியே வரும் கண்புரைதான், பழுப்பாக முற்றியிருக்கிறது, எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்துவிடலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். ஒரு கண் முதலில், அடுத்தது பிறகு. ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது ஜூலி செயினைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அவள் திரும்பி வரும்வரை அவன் அதை விரலில் சுற்றிக்கொண்டு நடைபாதையில் நின்றான். அந்த வாரம் வந்த வேலைகளை வேண்டாமென்று சொல்லிவிட்டான். தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு, ஆகவே வீட்டில் துவையல் அவனுடையது. சொட்டு நீலம் சீசாவை யாரும் தொடவில்லை.

அடுத்து வந்தது பங்குக் கோயில் திருவிழா. பிரகாஷ் விடியும்போதே கிளம்பிப் போய்விட்டான். அலமாரியில் ஜூலி முன்பே நீலம் போட்டு மடித்து வைத்திருந்ததில் கைக்கு வந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். ஜூலி பிறகு ஞானமேரியோடு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, மூன்றாவது வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினாள். பாட்டு வரிகள் திரையில் நின்றன. நீலத்தை அவன் ஏற்கெனவே தன் கண்ணால் வைத்துவிட்டான். அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மற்றதை மூடிப் பார்த்தாள். கம்மலை லேசாகத் திருகினாள், அவன் சிவப்பைக் கொஞ்சம் தணித்தான். முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து வைத்த முதல் கலர். பிரகாஷுக்கு மனசு நிறைந்துவிட்டது.

மெனுவை மூடிவிட்டு நிமிர்ந்தால் ஜூலி எழுந்து வந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் நடுவில் எழுந்து மேஜையருகே வந்ததே கிடையாது. ஏதோ பிசகிவிட்டது, கண்ணில்தான் ஏதோ என்று ரிமோட்டும் கையுமாக ஓரடி முன்னே வந்தான். அவள் வந்து அவன் காலரை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தாள்.

"இந்தச் சட்டையவா இத்தினி நாளா போட்டுக்குனு ஊரு பூரா சுத்துனீங்க? சாயத்துல வுழுந்தாப்ல இருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா?"

பிரகாஷ் ரிமோட்டை மேஜையில் வைத்தான்.

"நீ வெள்ளன்னு சொன்னியே" என்றான்.